போன் எக்ஸிபிஷனில் சாமுண்டீஸ்வரியின் பங்கு

பழவேற்காடு பஜாரில், பொன்னேரி பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் கஸ்தூரி. ஆதார் திருத்தம், கரண்ட் பில், மீனவர் நலவாரிய விண்ணப்பம், காலேஜ் ரிசல்ட் எல்லாம் என் கடையில்தான் நடக்கும். அதனால் சுற்றுவட்டாரக் குப்பங்களில் யார் எப்படி என்று எனக்கு ஓரளவு தெரியும். சாமுண்டீஸ்வரியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர், "வேணாம், அந்த ஊர்க்காரங்க சண்டைக்கு வருவாங்க" என்றார். வரட்டும். கடைக்கு ஷட்டர் இருக்கிறது, எனக்கு வாய் இருக்கிறது.

சாமுண்டி பிறந்தது ஏரிக்கரையில், தோணிரேவில். வாழ்க்கைப்பட்டது புதுமேட்டுக்குப்பத்தில், ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் ஏரியும் இருக்கிற மணல்மேட்டில். புருஷன் தாமோதரன் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன். நல்லவன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், யாரையும் எதிர்த்துப் பேச மாட்டான். அந்தக் கடைசிக் குணத்தைப் பெருமையாகச் சொல்வதை நான் இப்போது நிறுத்திவிட்டேன்.

அவள் படகுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த கதை வேடிக்கையானது. முன்பெல்லாம் படகில் பெயர் எழுத பொன்னேரியிலிருந்து ஒரு பெயிண்டர் வருவார். ஒரு தடவை 'கங்கையம்மன்' வரைக்கும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போனவர் திரும்பவே இல்லை. படகுக்காரன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாமுண்டி அந்தப் பக்கம் தண்ணீர்க் குடத்தோடு போனவள், குடத்தை இறக்கி வைத்து, பிரஷ்ஷை எடுத்து 'துணை' என்று எழுதி முடித்தாள். எழுத்து பெயிண்டருடையதைவிட நன்றாக இருந்தது. மிச்சமிருந்த சிவப்பில், தாமோதரன் பார்த்துக்கொண்டு நிற்க, பக்கத்திலேயே ஒரு நண்டு போட்டாள். அதற்கு அடுத்த மாதமே மூன்று பேர் நண்டு கேட்டு வந்தார்கள்.

எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள். யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் அவள் வரைந்த மடவை மீனைப் பார்த்தால், தூக்கிக் கூடையில் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும். சாமி படங்களோடு நிற்காமல் வலை பிரிக்கிற பெண்கள், எண்ணூர்ப் பக்கம் தெரிகிற புகைபோக்கிகள், ஐஸ் பெட்டிமேல் தூங்குகிற நாய் என்று கண்ணில் பட்டதையெல்லாம் படகின் முகப்பில் ஏற்றிவிடுவாள். புதுமேட்டுக்குப்பத்துப் படகு வருகிறது என்பதைத் தூரத்திலேயே படத்தை வைத்துச் சொல்லிவிடலாம்.

கொரோனா வந்து எல்லாம் மூடிக் கிடந்தபோது பெயிண்ட் டப்பாக்கள் சும்மா இருந்தன. புயலில் உடைந்த படகுகளின் ஃபைபர் துண்டுகள் கரையில் கிடந்தன. அவற்றை எடுத்துத் தேய்த்து, படகுக்கு அடிக்கிற அதே எனாமல் பெயிண்டில் வரைய ஆரம்பித்தாள். அப்போதுதான் தாமோதரனின் தம்பி முரளி சென்னையிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தான். விளம்பர போர்டு டிசைன் பண்ணுகிற ஆபீசில் வேலை, அதையும் மூடியிருந்தார்கள். கெட்டிக்காரன், இங்கிலீஷ் தெரியும், பேச்சில் தேன் வடியும். அண்ணியின் படங்களை வெயில் சாய்கிற நேரமாகப் பார்த்து அழகாகப் போட்டோ எடுத்தான். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன், உழைத்தான்.

வெளிநாட்டு அமைப்பு ஒன்று கடலோர மக்களின் ஓவியங்களைச் சேர்த்து இணையத்தில் கண்காட்சி நடத்துகிறது என்று கண்டுபிடித்ததும் அவன்தான். போனில் திறந்தால் வெள்ளைச் சுவர் வைத்த பெரிய கூடம் தெரியும். விரலால் தள்ளினால் நாமே நடந்துபோவது போல இருக்கும். சுவரில் வரிசையாகப் படங்கள் தொங்கும். ஊரே அந்த ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தது. தாமோதரனின் படகில் பங்கு வைத்திருக்கிற வேலம்மா, "செருப்பக் கழட்டிட்டுத்தான் உள்ள போவணுமா?" என்று கேட்டது இன்றைக்கும் ஊரில் ஓடுகிறது. அதிலிருந்து எல்லோரும் அதை 'போன் எக்ஸிபிஷன்' என்றார்கள்.

அந்தக் கண்காட்சிக்கு அனுப்பும்போது முரளி, "அண்ணி, யார் பேரு போடறது?" என்று கேட்டிருக்கிறான். சாமுண்டி யோசிக்கக்கூட இல்லை. "உன் மெயில்தானே, உன் பேரே போடு. போட்டு ஆர்.சி. மாதிரிதானே இது?" என்றாளாம்.

வெளியாட்களுக்கு இது முட்டாள்தனமாகத் தெரியும். எங்கள் பக்கத்தில் அப்படியில்லை. ஒரு படகை மூன்று நான்கு பேர் பங்கு போட்டு வாங்குவார்கள். ஆர்.சி. என்கிற படகுப் பதிவுச் சான்று ஒருவர் பெயரில்தான் இருக்கும், மானியமும் அவர் பெயரில்தான் வரும். தாமோதரன் பெயரில் இருக்கிற படகில் வேலம்மாவுக்கும் சித்தப்பா மகன் சின்னதம்பிக்கும் பங்கு உண்டு. ஒரு காகிதத்திலும் அது கிடையாது. பெயர் கவர்மெண்டுக்கு, பங்கு ஊருக்குத் தெரியும். பெயரை வைத்துக்கொண்டு ஒருவன் இன்னொருவனின் பங்கை மறுத்தான் என்று நான் கடை வைத்த காலத்தில் கேட்டதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் அவள் பெயரை விட்டுக்கொடுத்தாள்.

அடுத்தடுத்து இன்னும் இரண்டு கண்காட்சிகள் நடந்தன. எந்தெந்த ஊரிலிருந்தோ ஆட்கள் பார்த்துவிட்டுக் கீழே எழுதினார்கள். முரளி அதையெல்லாம் தமிழில் படித்துக் காட்டுவான், சாமுண்டி மீன் ஆய்ந்துகொண்டே கேட்பாள். பிறகு நார்வே நாட்டிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஒரு துறைமுக ஊரில், பழைய படகுப் பட்டறை ஒன்றில் ஓவியர்களை ஒரு வருஷம் தங்கவைத்துக் கப்பல்களில் வரையச் சொல்கிறார்களாம். "கலைஞரும் வரலாம், கூட ஒரு ஆளும் வரலாம்னு சொல்றாங்க அண்ணி" என்றான் முரளி. கலைஞர் என்றது தன்னை, கூட வருகிற ஆள் என்றது அவனை என்று சாமுண்டி எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்?

அந்தத் துறைமுகத்தின் படத்தை என் கடையில்தான் பிரிண்ட் எடுத்தாள். வீடு உயரத்துக்கு இரும்புக் கப்பல், ஒரு பொட்டுக்கூட இல்லாமல் வெறும் சாம்பல் நிறம்.

"எம்மாம் பெருசு பாத்தியாக்கா! இதுல நம்ப ஏரிச் சேத்துல கையால இறால் தடவுற பொம்பளைங்கள வரிசையா நிக்க வெச்சா எப்புடி இருக்கும்? ஏணி போட்டுத்தான் வரையணும். எனக்கு அந்த இரும்பத் தொட்டுப் பாக்கணும்க்கா, அவ்ளோதான்."

அவள் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. நகைக் கடையில் எனக்காகக் கூட வந்தபோதுகூட வாசலில் பெயர்ப்பலகையின் எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தக் கப்பலை மட்டும் மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

அவளுக்குப் பாஸ்போர்ட் எடுத்தோம். விசா பற்றிக் கேட்டால் முரளி, "மெதுவா பாக்கலாம் அண்ணி, அவசரப்படாதீங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். மாதங்கள் போயின. அவளுக்குப் பொறுக்கவில்லை, என்னிடம் வந்தாள். என் நாத்தனார் மகள் ஐஸ்வர்யா சென்னையில் விசா விண்ணப்பம் தயாரித்துக் கொடுக்கிற ஆபீசில் இருக்கிறாள். கடையிலிருந்தே அவளுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

ஐஸ்வர்யா நிதானமாகச் சொன்னாள். "கலைஞர்னு விசா கேக்கும்போது அவங்க நெஜமாவே கலைஞர்தான்னு காட்டணும் அத்தை. ஹால்ல நடந்த கண்காட்சிதான்னு இல்ல, ஆன்லைன்ல நடந்ததையும் காட்டிப் பாக்கலாம். ஆனா யார் நடத்தினாங்க, யார் தேர்ந்தெடுத்தாங்க, எவ்ளோ பேரு பாத்தாங்க, எல்லாம் தெரியணும். முக்கியமா, அவங்க பேரு இருக்கணும்."

நான் கம்ப்யூட்டரில் அந்தக் கூடத்தைத் திறந்தேன். ஒவ்வொரு படத்தின் கீழேயும் முரளியின் பெயர் இருந்தது. நுழைவாசலிலும் அவன் பெயர்தான், பக்கத்தில் அவன் போட்டோ, காதில் பிரஷ் செருகிக்கொண்டு. திரையை அவள் பக்கம் திருப்பினேன். சாமுண்டி அசையவில்லை.

"அது ஆர்.சி. பேருக்கா. சொன்னேனில்ல" என்றாள்.

ஐஸ்வர்யாவுக்கு விளக்கினேன். "அப்ப சிம்பிள்தான் அத்தை. வரைஞ்சது இவங்கதான்னு அவரு ஒரு லெட்டர் குடுக்கட்டும். நடத்தினவங்க பேரை மாத்திடுவாங்க. அதுக்கப்புறம் இந்த மூணும் இவங்களுக்குப் பெரிய சான்று" என்றாள். சாமுண்டி என்னைப் பார்த்துச் சிரித்தாள், இதுக்குப் போயா பயந்தே என்கிற மாதிரி.

முரளி போனை எடுக்கவில்லை. எடுத்தபோது மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னான். கடைசியில் ஒரு சனிக்கிழமை அவனே வந்தான், அண்ணி என் கடையில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு நேராக அங்கேயே. முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குப் புரியவில்லை, "சாப்டியா முரளி?" என்று கேட்டாள்.

"அண்ணி, லெட்டர் குடுக்க முடியாது. நான் ஏற்கெனவே விசாவுக்குப் போட்டுட்டேன். அந்த மூணு எக்ஸிபிஷனத்தான் காட்டியிருக்கேன். இப்ப மாத்திச் சொன்னா நான் பொய்யன் ஆயிடுவேன்."

"காட்டினா இன்னா? பேரு உன்னுதுதானே. படம் யாரு போட்டதுன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

அவன் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நான் போட்டதுன்னு சொன்னேன்."

சாமுண்டி, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள். "அங்க போயி இன்னாத்த வரைவ?"

"அத சமாளிச்சிக்கலாம் அண்ணி. நீங்க இங்கருந்து வரைஞ்சு போட்டோ அனுப்புங்க, நான் அதப் பாத்துப் போட்டுடுவேன். கூட வர்ற ஆளுக்கும் அங்க ஆபீஸ் வேலை தெரியணும்ங்கறாங்க, உங்களுக்குக் கஷ்டம். நான் மொதல்ல போயி செட்டில் ஆயிட்டு உங்களக் கூப்ட்டுக்கறேன். நம்பளுக்குள்ள இன்னா? உங்க பங்கு எங்க போயிடப் போவுது?"

'பங்கு' என்கிற வார்த்தையை அவன் வாயில் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ஸ்டேப்ளரை மேஜையில் அடித்தேன். "எழுந்து வெளியே போடா" என்றேன். போனான். சாமுண்டி அழவில்லை. "ஊர்க் கூட்டத்துல வெக்கறேன்க்கா" என்றாள். அவளுக்கு அதில் அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. பங்குத் தகராறு வந்தால் ஊர்தானே தீர்க்கும்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில், கங்கையம்மன் கோவில் முன்னால். பெண்கள் பேசுகிற வழக்கமில்லை, ஒரு ஓரமாக நிற்கலாம். நானும் படகு ஏறிப் போய் அவர்களோடு நின்றேன். சாமுண்டிக்காகத் தாமோதரன்தான் பேச வேண்டும். அவன் எழுந்து, "பங்கு விசயம். என் பொஞ்சாதி கேக்கச் சொல்றா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான். ஒரு பக்கம் பெண்டாட்டி, ஒரு பக்கம் கூடப் பிறந்தவன். அவன் கஷ்டம் எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

தலைவர் வடிவேலு வழக்கப்படி கேட்டார். கற்பூரம் ஏற்றி, பெயர் வைத்திருக்கிறவனை முன்னால் நிறுத்தி, "பேரு உன்னுது. பங்கு யாருது? ஆத்தா முன்னால சொல்லு" என்றார். முரளி தயங்கவே இல்லை. கற்பூரத்துக்கு மேல் கையை நீட்டிச் சொன்னான்.

"படம் பூரா அண்ணி போட்டதுதான். ஒரு கோடுகூட நான் போடல. நான் போட்டோ எடுத்தேன், இங்கிலீஷ்ல எழுதினேன், அனுப்பினேன். அதான் என் பங்கு."

கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். பையன் உண்மையை ஒத்துக்கொண்டானே என்று ஒரு திருப்தி. வேலம்மா சாமுண்டியின் தோளைத் தட்டினாள். சாமுண்டி முகத்தில் வெளிச்சம் வந்தது. எனக்குமே வந்தது.

வடிவேலு தீர்ப்புச் சொன்னார். "ஒத்துக்கினான். அங்க சம்பாரிக்கறதுல அண்ணிக்குப் பாதி மாசா மாசம் அனுப்பிடணும். சரிதானே?"

"எனக்குத் துட்டு வேணாம் மாமா" என்றாள் சாமுண்டி. பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்ததும் எல்லோரும் திரும்பினார்கள். "இப்ப இங்க சொன்னத அங்க சொல்லச் சொல்லுங்க. ஒரு லெட்டரு. அவ்ளோதான் நான் கேக்கறேன்."

"அதச் சொன்னா அவன் போவ முடியாதேம்மா."

"நான் போவணும்ல?"

வடிவேலு பெருமூச்சு விட்டார். "நம்ப ஊர்லருந்து மொத மொத ஒருத்தன் கெளம்பறான். அவன் போனா நாளைக்கு நாலு பேரக் கூப்ட்டுக்குவான். நீ பொம்பள, தனியா போயி இன்னா பண்ணப் போற? கெளம்பின போட்ட ஏம்மா இழுத்துக் கட்டற? உன் பங்கு இல்லன்னு யாரு சொன்னா? ஊருக்கே தெரியுமே."

கற்பூரம் அணைந்தது. எல்லோரும் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு போனார்கள். தாமோதரனும் போனான். ஊருக்கே தெரியும் என்பதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள், எந்த விசாவில் ஒட்டுவாள் என்று எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. நான் வெளியூர்க்காரி, கத்த முடியாது.

ஆனால் மெயில் அனுப்ப முடியும். ஐஸ்வர்யாவை வைத்து, கண்காட்சி நடத்தினவர்களுக்கு எழுதினோம்: இந்தப் படங்களை வரைந்தவர் சாமுண்டீஸ்வரி, ஊருக்கே தெரியும், நீங்களே கேட்டுப் பாருங்கள். அவர்கள் மரியாதையாகப் பதில் எழுதினார்கள். தங்கள் குழுவில் நந்தினி என்று தமிழ் தெரிந்தவர் இருக்கிறார், அவர் வீடியோவில் ஊரையே பார்த்து நேரடியாக விசாரிப்பார், அவர் சொல்வதை வைத்து முடிவு செய்வோம் என்றார்கள். சாமுண்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆத்தா முன்னால சொன்னவங்கக்கா. மாத்தியா சொல்லிடப் போறாங்க?" என்றாள்.

விசாரணைக்கு முந்தின இரண்டு நாளும் முரளி வீடு வீடாகப் போயிருந்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கரையில், கவிழ்த்து வைத்திருந்த படகுகளுக்கு நடுவில் ஊர் கூடியிருந்தது. போனை ஒரு நாற்காலியின் முதுகில் கட்டி நிறுத்தியிருந்தார்கள். நந்தினி சிரித்த முகம், நல்ல தமிழ். முதலில் தலைவரைக் கேட்டாள். வடிவேலு தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க ஊரு பையன் முரளிதாங்க வரைஞ்சது. சின்ன வயசுலருந்தே கைவேலக்காரன்" என்றார். முந்தின வாரம் அவர் ஏற்றின கற்பூரத்தின் கரி கோவில் வாசலில் இன்னும் போகவில்லை. அடுத்து வேலம்மாவைக் கேட்டாள். வேலம்மா வாயே திறக்காமல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். சின்னதம்பி, "ஆமாங்க, முரளிதான்" என்றான்.

சாமுண்டி போன் முன்னால் போய் நின்றாள். "மேடம், நான்தான் வரைஞ்சேன். இவங்க எல்லாருக்கும் தெரியும்."

"ஊர்ல எல்லாரும் வேற மாதிரி சொல்றாங்களேம்மா" என்றாள் நந்தினி. குரலில் கடுமை இல்லை, சங்கடம்தான் இருந்தது.

"வாயால சொல்றது எதுக்கு? நான் வரையறேன், பாருங்க." பெயிண்ட் டப்பாவைத் திறந்தாள். பக்கத்தில் கிடந்த படகின் வெள்ளை வயிற்றில், சேற்றுக்குள் இறால் தடவுகிற ஒரு பெண்ணின் கையை வரைந்தாள். முழங்கை வரைக்கும் தண்ணீர், விரல் தெரியாது, ஆனால் விரல் எதையோ தொட்டுவிட்டது என்று தெரியும். நந்தினி போனுக்குள்ளிருந்து கை தட்டினாள். முடிந்தது, நாம் ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன்.

இப்போது முரளியை வரையச் சொல்லுங்கள் என்று கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முன்னால் வந்தான். காய்ந்த கண்ணாக இருந்தால்கூடப் பரவாயில்லை, கண் கலங்கியிருந்தது. சாமுண்டியின் தோளில் கை போட்டுக்கொண்டான். "மேடம், எங்க அண்ணிக்கு நான்தான் கத்துக் குடுத்தேன். அதனாலதான் என்னை மாதிரியே இருக்கு. பாவம், அவங்களுக்கும் வரணும்னு ஆசை. நான் விட்டுட்டுப் போறேன்னு கோவம். தப்பா எடுத்துக்காதீங்க."

நந்தினியின் முகம் இளகிவிட்டது. சாமுண்டி அவன் கையைத் தட்டிவிட்டாள். "பொய் மேடம்! எம் புருசனக் கேளுங்க" என்றாள். "இவரு சொல்லுவாரு. இவரு பாக்கத்தான் நான் மொத நண்டு போட்டேன். கேளுங்க."

தாமோதரனை முன்னால் தள்ளினார்கள். நந்தினி கேட்டாள், "சொல்லுங்கண்ணா, உங்க மனைவிக்கு யார் கத்துக் கொடுத்தது?"

அவன் அவளைப் பார்த்தான். தம்பியைப் பார்த்தான். பிறகு போனைப் பார்த்து, அவனுக்கே உரிய அந்த மெல்லிய குரலில் சொன்னான்.

"என் தம்பிதாங்க."

சாமுண்டி பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தாள், டப்பாவை மூடினாள், வீட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். அவள் அழுவாள், நானும் சேர்ந்து அழலாம் என்றிருந்தது. அவள் உலை வைத்தாள். "ஊரு சொன்னது கூடப் பரவால்லக்கா. இவருகிட்ட நான் ஒரு பேருகூடக் கேக்கலியே. நெஜத்தச் சொல்லுன்னுதானே கேட்டேன்" என்றாள். பதினைந்து வருஷம் கூட இருந்தவன் ஒரு வாக்கியத்தில் அவளை இல்லாமல் ஆக்கிவிட்டான். அந்த இரண்டு பேரிலும் முரளியை நான் திருடன் என்று திட்டி ஆறிக்கொள்வேன். தாமோதரனை என்ன சொல்லித் திட்டுவது என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.

நடத்தினவர்கள் பெருந்தன்மையானவர்கள். கண்காட்சியில் பெயரை மாற்றவில்லை, ஆனால் கடைசிச் சுவரில் சாமுண்டி வரைந்த அந்தக் கையின் படத்தையும் சேர்த்தார்கள். கீழே அவள் முழுப் பெயர். அதற்கும் கீழே, 'ஓவியரின் அண்ணி, மாணவி'. ஐஸ்வர்யா அதைப் பார்த்துவிட்டு, "இத வெச்சு விசா கேக்க முடியாது அத்தை. அவருக்குத்தான் இன்னொரு சான்று சேர்ந்திருக்கு, சொல்லிக் கொடுக்கறவர்னு" என்றாள்.

முரளி தை மாதம் கிளம்பினான். மீஞ்சூர் வரைக்கும் வேன் வைத்து வழியனுப்பினார்கள். இப்போது வாரத்துக்கு ஒரு தடவை அண்ணனுக்கு போன் பண்ணி, அண்ணியைப் படம் அனுப்பச் சொல்கிறான். தாமோதரன் அவளிடம் போனை நீட்டுவான். அவள் வாங்குவதில்லை. சண்டை போடுவதில்லை, சோறு போடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். ஆனால் ஊரில் ஒரு படகுக்கும் அவள் பிரஷ் எடுக்கவில்லை. பொன்னேரியில் ஸ்டிக்கர் அடித்து ஒட்டிக்கொள்கிறார்கள். உப்புக் காற்றுக்கு அது ஒரு மாதம்கூட நிற்பதில்லை.

போன வாரம் நலவாரிய அட்டைப் புதுப்பிப்புக்காக நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தாமோதரன் தன் படகைச் சுரண்டிப் பட்டி பார்த்து, புது வெள்ளை அடித்து வைத்திருந்தான். முகப்பு வெறுமையாக இருந்தது. பெயிண்ட் டப்பாவையும் புதுப் பிரஷ்ஷையும் எடுத்துவந்து வாசலில், அவள் பக்கத்தில் வைத்தான். என் எதிரில் கேட்டால் மறுக்க மாட்டாள் என்று நினைத்திருப்பான்.

"சாமுண்டி, நாளைக்குப் பூசை. நம்ப போட்டுக்கு மட்டுமாச்சும் ஒரு நண்டு போட்டுக் குடும்மே."

அவள் மீன் ஆய்வதை நிறுத்தவில்லை. கோபமே இல்லாத குரலில் சொன்னாள்.

"வாத்தியாரு ஊர்ல இல்லியே மாமா. அவரக் கேக்காம நான் எப்புடித் தொடறது?"